எதை அழுத்தினீங்க?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டு தடவை'. எதையும் இரண்டு முறை பார்க்காவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. வீட்டைப் பூட்டினால் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். நாலு படி இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். கல்யாணப் பேச்சு நடந்தபோது என்னைப் பார்க்கவும் இரண்டு முறை வந்தார். "ஏன் மாப்பிள்ளை, முதல் தடவை சரியாப் பார்க்கலையா?" என்று என் அண்ணன் கேட்டதற்கு, "நல்லாத்தான் பார்த்தேன். எதுக்கும் உறுதி பண்ணிக்கலாம்னு வந்தேன்" என்றாராம். இருபத்தாறு வருஷமாக இதைச் சொல்லியே அவரைக் கேலி செய்துகொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒருவன் ஃபோனில் நாற்பத்தேழு நிமிஷம் பேசி ஏமாற்றினான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை நான் ஒரே நிமிஷத்தில் செய்தேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். லிஃப்ட்டுக்குக் கீழே, தரைத்தளத்துக்கும் அடியில், ஓர் ஆள் நிற்கிற ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். இவர் அதற்குள் இறங்குகிறவர். கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூம். அங்கே இருப்பவர் இவருடைய ஜோடி. அவரை எல்லோரும் மேலாள் என்பார்கள். பதவியால் அல்ல, எப்போதும் மேலே நிற்பதால். இரண்டு பேருக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு மாடி. முகம் தெரியாது, ஃபோனில் குரல் மட்டும்தான். மேலாள் ஒன்று சொன்னால் இவர் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "மெயின் அணைச்சாச்சு" என்று மேலிருந்து வந்தால் "மெயின் அணைச்சாச்சு" என்று கீழிருந்து போக வேண்டும். அதற்குப் பிறகுதான் கை நகரும். ஏன், எதற்கு என்று நடுவில் கேட்பதில்லை. காதில் விழுகிற குரலை நம்ப முடியாதவன் அந்தக் குழிக்குள் இறங்கவே முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் பத்து விரலோடு வீடு திரும்புகிறார்கள் என்றால் அது இந்தப் பழக்கத்தால்தான்.

இவருக்கென்று இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பெனி போட்ட உத்தரவு அல்ல, இவரே வைத்துக்கொண்டது. வெள்ளை அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, தான் பார்க்கும் ஒவ்வொரு கட்டடத்தின் காவலாளி அறையிலும் ஒட்டியிருக்கிறார். லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவரிடம் என்ன பேசுவது என்று அதில் இருக்கும். 'நான் இங்கேதான் இருக்கிறேன். காற்று வருகிறதா? வெளிச்சம் இருக்கிறதா? ஆள் வந்துகொண்டிருக்கிறார்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே, கேட்கக் கூடாதது என்று ஒரே ஒரு வரி: 'எதை அழுத்தினீர்கள்?' அந்த வரிக்கு அடியில் இரண்டு கோடு. ஒரு கோடு போட்டால் அவருக்குத்தான் போதாதே.

"கேட்டா என்னவாம்? எதையாவது அழுத்தித்தானே நின்னிருக்கும்?" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன்.

"அழுத்தினதாலதான் நின்னுச்சுன்னே வெச்சுக்க. அந்த நேரத்துல அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? உள்ள இருக்கிற ஆளுக்குத் தன் மேலதான் தப்புன்னு தோணிடும். அப்புறம் பொறுமையா உட்காரமாட்டான். கதவை நெம்பி வெளிய குதிக்கப் பார்ப்பான். மாட்டிக்கிட்டதால யாரும் சாகுறதில்ல. குதிக்கிறவன்தான் சாகுறான்" என்றார்.

"ஒரு லிஃப்ட்டுக்கு இவ்வளவு தத்துவமா!" என்று சிரித்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். ஃப்ரேமில் கண்ணாடி பொருத்துவது, திருகு மாற்றுவது, காது வலிக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காலை வளைத்துக் கொடுப்பது. கண்ணாடியின் காலைத்தான் சொல்கிறேன். என் கால் தனிக் கதை. நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் செய்தால்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. அதற்காக இரண்டு பேரும் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு மாதத்தில் தேதி குறிப்பதாக இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கையில் ஒரு டீச்சரின் ஃப்ரேம். எள்ளளவு திருகைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. வேலை நேரத்தில் இவர் கூப்பிடுகிற ஆளே இல்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

"உன் முட்டிக்குன்னு வெச்சிருந்த பணம்..." அதற்கு மேல் வரவில்லை.

"பணத்துக்கு என்ன?"

"போயிடுச்சு. பாங்க்ல இருந்து பேசுறதாச் சொன்னான். நம்பிட்டேன்."

அப்போது நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எதை அழுத்தினீங்க?" என்று கேட்டேன்.

அதோடு விட்டேனா? "ஃபோன்ல எதை அழுத்தித் தொலைச்சீங்க? ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்க்கிற மனுஷன்னு ஊரெல்லாம் பேரு. புத்தியை எங்க அடகு வெச்சீங்க? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே இது!" கடையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "நீ கொஞ்சம்..." என்று அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். திருகு கீழே விழுந்துவிட்டது. அதைத் தேட ஆரம்பித்தேன். புருஷன் அந்தப் பக்கம் எப்படி இருக்கிறார் என்று யோசிக்காமல் நான் தரையில் திருகு தேடினேன்.

சாயங்காலம் வீட்டில் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். துருவித் துருவிக் கேட்டதில் நடந்தது தெரிந்தது. குழியிலிருந்து ஏறி வந்து, கையிலிருந்த மசகைக்கூடத் துடைக்காத நேரத்தில் அந்த ஃபோன் வந்திருக்கிறது. "ஐயா, உங்க கணக்குல இருந்து ஒருத்தன் இப்பவே பணம் எடுத்துக்கிட்டு இருக்கான். நான் அதைப் பூட்டப் போறேன். லைனை வெச்சுடாதீங்க. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. ஒரு நம்பர் வரும், அதைத் திருப்பிச் சொல்லுங்க." மூன்று முறை நம்பர் வந்திருக்கிறது. மூன்று முறையும் இவர் திருத்தமாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு இலக்கம் தப்பாகிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

என் அண்ணன் ஓடி வந்தான். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வந்தவன் நல்ல காரியமும் செய்தான். பாங்க்குக்கு ஃபோன் போட்டுக் கணக்கை முடக்கச் சொன்னான். அத்தோடு கிளம்பியிருக்கலாம்.

"மாப்பிள்ளை, போன மாசமே நம்ம குடும்பக் குரூப்ல போட்டேனே, படிக்கலையா? அவன் ஐயான்னு கூப்பிட்டதும் உங்களுக்குச் சந்தேகம் வரவேணாமா? கேக்கிறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. அந்தக் கதையால்ல இருக்கு!"

எதிர்வீட்டு அக்கா வந்தார். "நம்ம தம்பியா இப்படி? நம்பவே முடியலையே. எப்படிங்க தோணாமப் போச்சு?" என்றார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார், பாவம். ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டார்கள், கேள்வி என்னவோ ஒன்றுதான். அண்ணனுக்கு இவர் ஐந்து நிமிஷம் பதில் சொன்னார். அக்காவுக்கு ஒரு நிமிஷம். அடுத்து வந்தவருக்கு "தெரியலைங்க" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் பதில் இல்லை.

போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று நான் கூப்பிட்டபோது மட்டும் வாயைத் திறந்தார். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் போய்ச் சொல்றது?" என்றார். படுக்கப் போகும்போது கதவை நான்தான் பூட்டினேன். அவர் எழுந்து வந்து இழுத்துப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ஒரு முறைகூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். பையைக் காணோம். சாப்பாட்டு மேஜை மேல் அவருடைய ஃபோன், அணைத்து வைத்தபடி. பக்கத்தில் சிவப்புப் பூட்டு.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழிக்குள் ஆள் இருக்கும்போது, மேலே மெயின் சுவிட்ச்சை அணைத்து அதில் இந்தப் பூட்டை மாட்டுவார்கள். சாவி இவர் சட்டைப் பையில் இருக்கும். இவர் வெளியே வந்து திறந்துவிடும்வரை யார் நினைத்தாலும் அந்த லிஃப்ட்டை ஓட்ட முடியாது. சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், கண்ணாடியை மறந்திருக்கிறார், ஒரு தடவை என் தங்கை கல்யாணத்துக்கு என்னையே மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறார். பூட்டை மறந்ததே கிடையாது. அதை மேஜையில் பார்த்ததும் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் ஃபோனை எடுத்தேன்.

மேலாளைக் கூப்பிட்டேன்.

"என்ன அண்ணி, காலங்காத்தால? அண்ணே இன்னைக்கு லீவுன்னு நேத்தே சொல்லிட்டாரே."

"லீவா? பையை எடுத்துக்கிட்டுப் போயிருக்கார் தம்பி. பூட்டு வீட்டுல இருக்கு."

"ரெண்டு நிமிஷம் இருங்க" என்று மேலாள் வைத்தார். அந்த இரண்டு நிமிஷத்தில் நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தேன். திரும்பக் கூப்பிட்டார். "பாலத்துக்குப் பக்கத்துல பன்னிரண்டு மாடி ஒண்ணு இருக்குல்ல, அங்க போயிருக்கார். நானும் கூட வர்றதா ஆபீஸ்ல சொல்லியிருக்கார் அண்ணி. அண்ணே பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. நேத்து என்ன நடந்துச்சு?"

சொன்னேன். நான் கேட்டது, திட்டியது, ஃபோனை வைத்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். மேலாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "பூட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. நான் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கேன், வர்றதுக்கு அரை மணி ஆயிடும். நீங்கதான் கிட்ட இருக்கீங்க. லைனை வெச்சுடாதீங்க" என்றார்.

ஆட்டோவில் போகும்போது பூட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மறைப்பானேன், நான் நினைத்தது வேறு. பூட்டை மறந்து போனாரா, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனாரா? பூட்டில்லாத லிஃப்ட், குழிக்குள் இருக்கும் ஆளை என்ன செய்யும் என்று தெரிந்தவர்தானே அவர். "மாட்டிக்கிட்டதால யாரும் சாகுறதில்ல, குதிக்கிறவன்தான் சாகுறான்" என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. சிக்னலில் ஆட்டோ நின்ற ஒவ்வொரு முறையும் ஓட்டுநரை அடிக்கலாம் போல இருந்தது. அவர் என்ன செய்வார், சிவப்பு விளக்குக்கு நின்றார்.

கட்டடத்தில் வயதான காவலாளி ஒருவர் இருந்தார். "மெக்கானிக் சாரா? ஏழு மணிக்கே குழிக்குள்ள இறங்கிட்டாரும்மா. இன்னும் ஏறி வரலை. தட்டுற சத்தம்கூட இல்லை. டீ வேணுமான்னு கேட்டுப் பார்த்தேன், பதிலே வரலை" என்றார். மணி எட்டே கால்.

தரைத்தளத்தில் லிஃப்ட்டின் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே மஞ்சள் தடுப்பு. லிஃப்ட் எங்கோ மேலே நின்றது. கீழே ஒரே இருட்டு, மசகு எண்ணெய் வாடை. "ஏங்க" என்றேன். பதில் இல்லை. கண் பழகிய பிறகு தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட வாளி மேல், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். தலை லேசாக அசைந்தது.

உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி வந்த அதே நொடியில் எனக்குக் கோபமும் வந்தது. என் ஜாதகம் அப்படி.

காதில் மேலாள் பேசினார். "அண்ணி, குழிக்குள்ள சுவத்துல ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இறங்கினதும் முதல்ல அதை அழுத்தணும். அழுத்திட்டா லிஃப்ட் கீழ வராது. கதவு திறந்திருந்தாலும் நகராதுதான், ஆனா அதை மட்டும் நம்பி யாரும் கீழ உட்காரக் கூடாது. அதை அழுத்தினாரான்னு தெரிஞ்சுக்கணும்."

"பொத்தானை அழுத்..." என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. காவலாளி அறையின் கதவு எனக்கு நேராகத் திறந்திருந்தது. உள்ளே சுவரில் வெள்ளை அட்டை. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

வாயை மூடிக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்றே சொல்லலாம். பிறகு அந்த அட்டையைப் பார்த்தபடி, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன்.

"நான் இங்கதான் இருக்கேன்."

கீழே அசைவில்லை.

"காத்து வருதா? வெளிச்சம் இருக்கா?" அட்டையில் அடுத்த வரிக்குப் போனேன். "ஆள் வந்துக்கிட்டு இருக்காருங்க. தம்பி வந்துக்கிட்டு இருக்கார்."

காவலாளி என்னையே பார்த்தார். கீழே ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

"என் அட்டையை எனக்கே படிக்கிறியா?" என்றார்.

"வேற யார் எழுதினதைப் படிக்கிறது? நீங்கதானே ஊரெல்லாம் ஒட்டி வெச்சிருக்கீங்க."

"காத்து வருது. வெளிச்சம் இல்லை. டார்ச்சை அணைச்சுட்டேன்."

"போடுங்களேன். உங்க முகம் தெரியலை."

"மாட்டேன்." பிறகு குழிக்குள்ளிருந்து மெதுவாக வந்தது. "சிவப்புப் பொத்தானை அழுத்தினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை. வந்து உட்கார்ந்த பிறகு யோசிக்கிறேன், யோசிக்கிறேன், வரமாட்டேங்குது. பூட்டையும் காணோம். டார்ச் அடிச்சுப் பார்த்து, அழுத்தலைன்னு தெரிஞ்சுச்சுன்னா, அவ்வளவுதான். பணம் போனா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்துக்கலாம். இந்தக் கையையே நம்ப முடியலைன்னா நான் எப்படி இறங்குவேன்? வேற எனக்கு என்ன தெரியும்?"

பூட்டை விட்டுவிட்டுப் போனது மறதிதான் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. ஆனால் பயம் குறையவில்லை. அந்தப் பொத்தான் அழுத்தப்படாமல் இருந்து, அதை இவர் பார்த்துவிட்டால், இந்த மனிதர் திரும்ப எழுந்து நடமாடுவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அழுத்தப்படாமல் இருந்து, பார்க்காமலே விட்டாலும் ஆபத்து. எப்படிப் பார்த்தாலும் யாராவது பார்த்துத்தான் ஆக வேண்டும்.

"நீங்க பார்க்க வேண்டாம்" என்றேன். "நான் பார்க்கிறேன்."

முழங்காலை மடக்க முடியாது. தடுப்பை நகர்த்திவிட்டு அப்படியே தரையில் குப்புறப் படுத்தேன். காவலாளி பதறிப்போய் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார், அது என்னைத் தாங்கும் என்பது போல. ஃபோனில் விளக்கைப் போட்டுக் கையைக் கீழே நீட்டினேன். எண்ணெய்க் கறை, கம்பி, ஒரு இரும்புப் படிக்கட்டு. இடது பக்கச் சுவரில் அந்தப் பொத்தான். என் உள்ளங்கை அகலம். உள்ளே போய் அமுங்கியிருந்தது.

"அழுத்தித்தான் இருக்குங்க."

"சரியாப் பாரு."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கை தன்பாட்டுக்கு அதன் வேலையைச் செய்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. நான் படுத்தபடியே அழுதேன். கண்ணீர் குழிக்குள்தான் விழுந்திருக்கும்.

"அவன் நாற்பத்தேழு நிமிஷம் பேசினான்" என்றார் அப்புறம், என்னைப் பார்க்காமல். "ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தலை. பயப்படாதீங்க ஐயா, நான் லைன்லதான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். திருட்டுப் பயல்தான். ஆனா முழுக்க லைன்ல இருந்தான். எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சதும் நான் உன்னைத்தான் கூப்பிட்டேன். நீ வெச்சுட்டே."

பதற்றத்தில் பேசிவிட்டேன், என் முட்டி வலி எனக்கு, அண்ணன் அப்படி, கடையில் ஆள் இருந்தது என்று சொல்ல எத்தனையோ இருந்தது. அத்தனையும் சாக்கு.

"வெச்சுட்டேன்" என்றேன். "என் தப்புதான் அது. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. மேலாள் குரல்ல பேசினா நீங்க கேட்பீங்கன்னு எப்படியோ கண்டுபிடிச்சிருக்கான் பாவி."

மேலாள் வந்து சேர்ந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்து, "அண்ணே" என்று மட்டும் சொன்னார். என் கையிலிருந்து பூட்டை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு மாடியும் படியேறிப் போனார். போன பிறகு என் ஃபோனில் குரல் வந்தது, மூச்சு இரைக்க. ஒலிபெருக்கியில் போட்டுக் குழிப் பக்கம் நீட்டினேன்.

"மெயின் அணைச்சுப் பூட்டியாச்சு."

இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

"அண்ணே, மெயின் அணைச்சுப் பூட்டியாச்சு."

திருப்பிச் சொன்னதால்தானே எல்லாம் போனது. இனிமேல் வாழ்நாளில் சொல்லமாட்டாரோ என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. மேலே பன்னிரண்டு மாடி உயரத்தில் மேலாளும் பேசாமல் நின்றார். அவசரப்படுத்தவில்லை.

"யார் பேசுறது?" என்றார் இவர்.

இருபத்திரண்டு வருஷத்தில் கேட்காத கேள்வி. மேலாளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரிந்திருக்காது. பிறகு பதில் வந்தது. "நான்தான் அண்ணே. உங்க மேலாள்."

"எந்தப் பூட்டு?"

"உங்க சிவப்புப் பூட்டு. அண்ணி கொண்டு வந்தது. கேளுங்க அண்ணே, இன்னும் எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. நான் எங்கயும் போகலை."

"மெயின் அணைச்சுப் பூட்டியாச்சு" என்று திருப்பிச் சொன்னார். எழுந்து நின்று டார்ச்சைப் போட்டார். பொத்தானைத் தானே ஒரு தடவை பார்த்தார். திரும்பி இன்னொரு தடவை பார்த்தார். அதைக் கண்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் அண்ணன் கூப்பிட்டான். தானும் வருகிறேன் என்றான். "வா. ஆனா செருப்பைக் கழட்டுற மாதிரி கேள்வியையும் வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வா" என்றேன். வந்தான். வாயே திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தான். தலைமையாசிரியருக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும்.

புகார் வாங்கிய அதிகாரிக்கு என் வயதிருக்கும். கண்ணாடியின் இடது கால் தளர்ந்து மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. படிவத்தை எடுத்தவர், "ஃபோன்ல எதையெல்லாம் அழுத்தினீங்க, என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். இவர் என் பக்கம் திரும்பினார். அதிகாரி கேட்டே ஆக வேண்டிய கேள்விதான் அது, தப்பில்லை. ஆனாலும் நான் குறுக்கே பேசினேன். "சொல்வாருங்க. முதல்ல ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீரைத் தானே ஊற்றிக் கொடுத்தார். "மெதுவாச் சொல்லுங்க ஐயா. இந்த வாரத்துல நீங்க ஒன்பதாவது ஆளு. நேத்து வந்தவர் பாங்க்லயே வேலை பார்க்கிறவர்" என்றார். இவர் தலையை நிமிர்த்தியது அப்போதுதான். முதல் நம்பரிலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகச் சொன்னார். பணம் திரும்புமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. என் முட்டி அப்படியேதான் இருக்கிறது.

"முதல்ல யார்கிட்ட தெரிவிச்சீங்க?" என்றார் அதிகாரி.

"இவகிட்டதான் சார்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு."

"அம்மா என்ன பண்ணாங்க?"

நான் தரையைப் பார்த்தேன். தரையில் யாரோ மிதித்த பேனா மூடி ஒன்று கிடந்தது. இப்போது சொல்லப் போகிறார் என்று காதெல்லாம் சூடேறியது. சொல்லட்டும், உள்ளதுதானே.

"வந்துட்டா சார்" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மூன்று மணி, மனைவிக்குத் தெரிவித்தார், மனைவி உடனே வந்து சேர்ந்தார் என்று வாசித்தும் காட்டினார். நான் வந்தது புதன்கிழமை எட்டே காலுக்கு. தாளை இவர் பக்கம் திருப்பி, "படிச்சுப் பாருங்க. ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திடலாம்" என்றார்.

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போய் முதலிலிருந்து படித்தார். ஒரு நம்பரில் ஒரு இலக்கத்தைத் திருத்தச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.